அடுக்குமாடி வீட்டில் ஒலிப்பதிவு: இரைச்சல் போகட்டும், குரல் இருக்கட்டும்

கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில், 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை, சிங்கப்பூரில் பாட்டு வகுப்பும் கதை வாசிப்பும் கவியரங்கமும் வீட்டுக்குள்தான் நடந்தன. பிறகு கட்டுப்பாடுகள் விலகின. ஒலிவாங்கியும் மடிக்கணினியும் படுக்கையறை மேசையிலேயே தங்கிவிட்டன. வலையொளி செய்வோர், தேவாரம் பாடிப் பதிவிடுவோர், பிள்ளைகளின் கதைசொல்லும் போட்டிக்குப் பதிவு அனுப்புவோர், தாத்தா பாட்டியின் நினைவுகளைச் சேமிப்போர் எனப் பலரும் இன்று வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்கின்றனர்.

வீட்டில் பதிவு செய்வது மட்டமான வேலை அல்ல. ஏ.ஆர். ரஹ்மான் 1989ல் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டு வளாகத்தில் அமைத்த பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்துதான் 1992ல் ‘ரோஜா’ பாடல்கள் வந்தன. ஆனால் அது ஒலிப்பதிவுக்கென்றே கட்டப்பட்ட கூடம். புக்கிட் மேராவில் ஒரு மூவறை வீட்டின் படுக்கையறை அப்படியன்று. கான்கிரீட் சுவர், ஓடு பதித்த தரை, சன்னலுக்கு வெளியே சாலை, தலைக்குமேல் மின்விசிறி. இந்த நான்குடனும்தான் பேச வேண்டியிருக்கிறது, பாட வேண்டியிருக்கிறது.

இரைச்சல் நீக்கும் மென்பொருள்கள் ஏராளம். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று பதிவு செய்தால், இரைச்சலோடு குரலின் ஒரு பகுதியும் போய்விடும். பதிவு பொத்தானை அழுத்துவதற்கு முன் செய்யும் வேலைதான் பெரும்பகுதி. மென்பொருளுக்கு விடவேண்டியது மிச்சம் மீதியை மட்டுமே.

எது நீங்கும், எது நீங்காது

சத்தங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும். குளிரூட்டியின் ‘உஸ்’, கணினி விசிறியின் ஓசை, மின்சார முனகல் ஆகியவை மாறாமல் ஒரே நிலையில் ஒலிப்பவை. அவற்றை மென்பொருள் அடையாளம் கண்டு குறைத்துவிடும். கதவு அறையும் சத்தம், பக்கத்து வீட்டுப் பேச்சு, குயில், மோட்டார் சைக்கிள் ஆகியவை வந்து வந்து போகும், மாறிக்கொண்டே இருக்கும். அவை குரல்மேல் விழுந்துவிட்டால் பிரித்தெடுப்பது கடினம். அந்த வாக்கியத்தை மறுபடியும் பேசிப் பதிவு செய்வதுதான் மலிவான வழி. ஐந்து விநாடி வேலைக்காக ஒரு மணி நேரம் மென்பொருளோடு மல்லுக்கட்டுவோர் இதை மறந்துவிடுகின்றனர்.

மாறாத இரைச்சலைக் குறைக்கும் உத்திக்கு வயது அதிகம். அமெரிக்கப் பொறியாளர் ரே டால்பி 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றியவர். ஒலிநாடாவின் ‘ஸ்ஸ்’ இரைச்சலைக் குறைக்கும் யோசனை அவருக்கு அந்த நாள்களில்தான் தோன்றியது. 1965ல் லண்டனில் நிறுவனம் தொடங்கினார். அவருடைய முறையின் சூட்சுமம் எளிது: மெல்லிய ஒலிகளைப் பதிவதற்கு முன்பே உயர்த்திவிட்டு, திரும்ப ஒலிக்கும்போது அதே அளவு தாழ்த்துவது. அப்போது நாடாவின் இரைச்சலும் சேர்ந்து தாழ்ந்துவிடும். அதாவது, நாடாவில் ஒலி ஏறுவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிட்டது.

இன்றைய மென்பொருள்கள் பலவற்றின் அடிப்படை வேறு. இரைச்சல் மட்டும் உள்ள ஒரு துண்டைக் காட்டினால், அதன் ‘கைரேகையை’ எடுத்துக்கொண்டு முழுப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். 1979ல் ஸ்டீவன் போல் என்ற ஆய்வாளர் பேச்சொலிக்காக இந்த முறையை விளக்கி எழுதினார். இதன் பக்கவிளைவும் அப்போதிருந்தே தெரிந்ததுதான். அளவுக்கு மீறிக் கழித்தால், குரலைச் சுற்றி நீர்க்குமிழி வெடிப்பதுபோலவும் சிறு மணிகள் கிணுகிணுப்பதுபோலவும் ஒரு புது ஒலி பிறக்கும். அது பழைய இரைச்சலைவிட மோசமாக இருக்கும்.

பேட்டையின் சத்த அட்டவணை

புக்கிட் மேரா, வீவகவின் பழைய பேட்டைகளில் ஒன்று. ஆயர் ராஜா விரைவுச்சாலையும் ஜாலான் புக்கிட் மேராவும் வட்டாரத்துக்குள் ஓடுகின்றன. கிழக்கு-மேற்கு ரயில் பாதை தியோங் பாரு நிலையம்வரை நிலத்துக்கடியில் வந்து, ரெட்ஹில்லை அடைவதற்குள் வெளியேறி மேம்பாலத்தில் ஏறுகிறது. ஒரே ஒரு நிலையம்தான் இடைவெளி. ரெட்ஹில்லில் பாதையோர வீட்டில் இருப்பவருக்கு ரயில் ஒரு தலைவலி, தியோங் பாருவில் இருப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வீட்டுக்கு வீடு, ஏன் ஒரே வீட்டில் அறைக்கு அறை, சத்தம் மாறும். சாலையைப் பார்த்த அறையைவிட, உள்பக்கம் இருக்கும் சிறிய அறையே பெரும்பாலும் நல்லது.

ஒரு வாரம் எந்த நேரத்தில் என்ன சத்தம் வருகிறது என்று குறித்துவைத்தால் போதும். வீவக விதிகளின்படி சுவர் உடைப்பது, ஓடு பெயர்ப்பது போன்ற அதிகச் சத்தம் தரும் புதுப்பிப்புப் பணிகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் செய்யக்கூடாது. அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே வரும் அறிவிப்பில் தேதிகள் இருக்கும். அதைக் குப்பைத்தொட்டியில் போடாமல் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைப்பது நல்லது. புல்வெட்டும் இயந்திரமும் கொசுமருந்துப் புகையும் காலையில் வரும். தேசிய தின அணிவகுப்பு ஒத்திகை நடக்கும் சனிக்கிழமைகளில் மாலையில் போர் விமானங்கள் பறக்கும். அன்றைக்குப் பதிவைத் தள்ளிப்போடுவதே உத்தமம்.

குயிலை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்க் கவிஞர்கள் கொண்டாடிய பறவை, இங்கே விடியுமுன்னே கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்ற புகாருக்கு ஆளாகியிருக்கிறது. அதன் கூவல் மனிதக் குரல் ஒலிக்கும் அதிர்வெண் பகுதியிலேயே விழுகிறது. மேலும் கீழுமாக வளைந்து ஏறுகிறது. எந்த வடிகட்டியாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது. சாலை அமைதியாக இருக்கிறதே என்று அதிகாலை 5 மணிக்கு எழுந்து பதிவு செய்ய நினைப்போர் இதை அனுபவத்தில் கண்டுகொள்வர்.

மழையும் அப்படித்தான். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள்கள் மழை பெய்கிறது. குளிரூட்டியின் வெளிப்பெட்டிமேலும் சன்னல் மறைப்பின்மேலும் விழும் துளிகள், ஆயிரக்கணக்கான சிறு ‘டக்’ ஒலிகள். பெருமழை ஒரே சீராகக் கொட்டினால் மென்பொருள் ஓரளவு குறைக்கும். தூறல் விட்டுவிட்டுச் சொட்டினால் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

வீட்டுக்குள் இருக்கும் எதிரிகளைக் கையாள்வது எளிது. பதிவுக்கு அரை மணி நேரம் முன்பே குளிரூட்டியைப் போட்டு அறையைக் குளிரவைத்து, பதிவின்போது அணைத்துவிட வேண்டும். கூரை மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். அதன் காற்றோசை மட்டும் காரணமல்ல. சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் குரல் நடுங்கும். அந்த நடுக்கம் குரலோடு கலந்துவிடுவதால் எந்த மென்பொருளும் அதைப் பிரித்தெடுக்காது. குளிர்பதனப் பெட்டியை அணைப்பவர்கள் மறுபடியும் போட மறந்துவிடுவதுண்டு. வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால் மறக்க முடியாது என்பது பழைய ஒலிப்பதிவாளர்களின் தந்திரம்.

ஒரு சாண் தூரம்

செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய பலன், ஒலிவாங்கிக்கு அருகில் போவது. தூரம் பாதியானால் ஒலிவாங்கியில் விழும் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். இரண்டு சாண் தள்ளி உட்கார்ந்தவர் ஒரு சாணுக்கு வந்தால், மென்பொருளைத் தொடாமலேயே இரைச்சல் 6 டெசிபெல் குறைந்ததற்குச் சமம். வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’ ஒலியின் காற்று ‘புஃப்’ என்று மோதாது.

ஒலிவாங்கி வாங்கும்போதும் இதை நினைவில் கொள்ளலாம். கன்டென்சர் வகை நுட்பமானது. மேல்வீட்டில் நாற்காலி இழுப்பதும் கேட்கும். டைனமிக் வகை பொதுவாக அவ்வளவு கூர்மையானதல்ல, அதை வாய்க்கு அருகில் வைத்தே பேச வேண்டியிருக்கும். அமைதியற்ற வீட்டுக்கு அதுவே ஏற்றது. விலை உயர்ந்தது எல்லா வீட்டுக்கும் உயர்ந்ததல்ல. ஒலி அளவைப் பொறுத்தவரை, உரத்துப் பேசும் இடங்களில் மானி மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபெல் வரை தொட்டால் போதும். பூஜ்யத்தை முட்டிக் கிழிந்த ஒலியைத் தைப்பது முடியாத காரியம்.

எதிரொலி பிடிவாதமானது

இரைச்சலைவிட எதிரொலியை நீக்குவது கடினம். ஏனெனில் அது குரலின் நிழல். குரல் அசையும்போதெல்லாம் அதுவும் அசையும். அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பார்க்கலாம். தட்டியபின் ‘ட்ரிங்’ என்று உலோகம்போல் ஒலித்தால், எதிரெதிர் கான்கிரீட் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். கனமான போர்வை, மெத்தை, துணி நிறைந்த திறந்த அலமாரி, புத்தகம் அடுக்கிய தட்டு ஆகியவை அதை உறிஞ்சும். மெல்லிய சேலையைத் தொங்கவிடுவதால் பயன் குறைவு. முட்டை அட்டை ஒட்டுவது அதைவிட வீண். பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் துணி அலமாரியைத் திறந்து வைப்பதே பல வீடுகளில் போதுமானது.

1990களின் பிற்பகுதி முதல் கட்டப்பட்ட வீவக வீடுகளில் குண்டு தாங்கும் அறை உண்டு. தடித்த சுவர், இரும்புக் கதவு. வெளிச்சத்தம் மிகக் குறைவு. அதைப் பதிவறையாக்கும் ஆசை பலருக்கு வருகிறது. ஆனால் வெற்று அறையில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். துணி மாட்டும் தாங்கிகளில் போர்வைகளைத் தொங்கவிட்டுப் பயன்படுத்தலாம். சுவரிலும் காற்றுத் துவாரங்களிலும் கைவைக்கக்கூடாது. கதவை முழுதாகச் சாத்திக்கொண்டு நெடுநேரம் உட்காரவும் கூடாது. புக்கிட் மேராவின் பழைய புளோக்குகளில் இந்த அறையே இல்லை என்பதால் அங்கிருப்போருக்கு அலமாரிதான் கதி.

50 ஹெர்ட்ஸ் முனகல்

பதிவின் அடியில் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் கேட்டால், அது பெரும்பாலும் மின்சாரத்திலிருந்து வருகிறது. சிங்கப்பூரில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆகவே முனகல் 50, 100, 150, 200 ஹெர்ட்ஸ் என்ற படிகளில் உட்கார்ந்திருக்கும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் பாடங்கள் 60 ஹெர்ட்ஸை வெட்டச் சொல்லும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதை அப்படியே பின்பற்றினால் முனகல் இருந்த இடத்திலேயே இருக்கும், குரலில் ஓட்டை விழும்.

வெட்டுவதற்கு முன் காரணத்தைத் தேடுவது நல்லது. மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றி பேட்டரியில் ஓடவிட்டால் பல நேரங்களில் முனகல் உடனே நின்றுவிடும். எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புச் செருகியில் இணைப்பதும், ஒலிக்கம்பியை மின்கம்பியிலிருந்து விலக்கி வைப்பதும், ஒளி குறைக்கும் விளக்கை அணைப்பதும் உதவும். நிலத்தொடுப்பைத் துண்டித்தால் முனகல் போகும் என்று சிலர் சொல்வதுண்டு. உயிருக்கு ஆபத்தான யோசனை அது. மூன்று முனைச் செருகியின் நில முனையில் கைவைக்கவே கூடாது.

பழைய பதிவுகளில் கேட்கும் ‘டடக் டடக்’ என்ற கைப்பேசி உறுமல் இப்போது அபூர்வம். சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி சேவை நிறுத்தப்பட்டபின் அந்தத் தொல்லை கிட்டத்தட்ட ஓய்ந்தது.

மென்பொருளில் வேலை வரிசை

2000ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி, வீட்டுத் தேவைக்குப் போதுமானது. முதல் வேலை, மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு பிரதி எடுப்பது. பிறகு வாய் ‘கிளிக்’ ஒலிகளையும் தனித்த தட்டல்களையும் நீக்குவது. அடுத்து, தாழ்ந்த உறுமலை வடிகட்டுவது: ஆண் குரலுக்குச் சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழும், பெண், குழந்தைக் குரல்களுக்குச் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழும் வெட்டினால், விரைவுச்சாலையின் அடிநாதத்தில் பெரும்பகுதி மறையும், பேச்சுக்கு நஷ்டமில்லை. பிறகு முனகல். அதன்பின்தான் பொது இரைச்சல்.

இதற்காகவே ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பத்து விநாடி யாரும் பேசாமல், அசையாமல் அறையின் வெறும் ஓசையைப் பதிந்துகொள்ள வேண்டும். அந்தத் துண்டைக் காட்டி இரைச்சலின் கைரேகையை எடுத்து, 6 முதல் 12 டெசிபெல் அளவுக்கு மட்டும் குறைப்பது. ஆடாசிட்டியில் ‘ரெசிட்யூ’ என்றொரு தெரிவு உண்டு. எதை நீக்கப்போகிறதோ அதை மட்டும் ஒலிக்கச் செய்யும். அதில் வெறும் ‘உஸ்’ கேட்டால் சரி. சொற்கள் கேட்டால் குரலும் சேர்ந்து போகிறது; அளவைக் குறைக்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

ஒலியைச் சமப்படுத்தி உரக்க ஆக்கும் வேலையைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். முதலில் செய்தால் அமைதியான இடங்களிலுள்ள இரைச்சலும் உரக்க எழும்பிவிடும். வலையொளிக்கு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் அளவு வழக்கமானது. மூச்சொலியை அறவே அழிப்பதும் தவறு. சற்றுத் தாழ்த்தினால் போதும். மூச்சே விடாமல் பேசுபவரைக் கேட்கக் கேட்பவருக்கு மூச்சுத் திணறும்.

தம்பூராவும் குற்றியலுகரமும்

தமிழில் பேசுவோரும் பாடுவோரும் கவனிக்க வேண்டியவை சில உண்டு; பொதுவான பாடங்களில் இவை வருவதில்லை.

மாறாத ஒலியை இரைச்சல் என்று நினைப்பது மென்பொருளின் இயல்பு. தம்பூராவும் சுருதிப் பெட்டியும் மாறாமல் ஒலிப்பவை. ஆகவே கர்நாடக இசைப் பதிவில் இரைச்சல் நீக்கியைப் போட்டால் அது முதலில் சுருதியைத்தான் தின்னும். காதணி ஒலிபெருக்கியில் சுருதியைக் கேட்டுக்கொண்டு குரலை மட்டும் பதிந்து, சுத்தம் செய்தபின் சுருதியைச் சேர்ப்பது நல்ல தீர்வு. முனகல் வெட்டும் வடிகட்டியும் ஆபத்தானது. இரண்டு கட்டையில் பாடும் ஆணின் சட்ஜம் சுமார் 147 ஹெர்ட்ஸ், ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் சட்ஜம் 196 ஹெர்ட்ஸ். இவை முறையே 150, 200 ஹெர்ட்ஸ் முனகலுக்குப் பக்கத்து வீடு. வடிகட்டி அகலமாக இருந்தால் முனகலோடு ஆதார சட்ஜமும் மெலிந்துவிடும்.

பேச்சில் பெரிய குற்றவாளி ‘கேட்’ எனப்படும் கதவு வடிகட்டி. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒலி தாழ்ந்தால் அது கதவைச் சாத்திவிடும். தமிழில் ‘வந்தது’, ‘பாட்டு’, ‘எனக்கு’ போன்ற சொற்களின் கடைசி உகரம் குறுகி மெல்ல ஒலிக்கும். கதவு அதை வெட்டினால் ‘வந்தத்’, ‘பாட்ட்’ என்று பாதியில் நிற்கும். மௌனங்களைத் தானாகச் சுருக்கும் வசதியும் அப்படியே. ‘பட்டம்’ என்னும்போது இரட்டிக்கும் ‘ட்’டுக்குள் ஒரு கணம் மௌனம் இருக்கிறது. அதையும் சுருக்கும் அளவுக்கு அமைப்பை இறுக்கினால் ‘பட்ட’த்துக்கும் ‘பட’த்துக்கும் வித்தியாசம் தேய்ந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின்

ஜான் லெனன் 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்தபடி ஒரு பாட்டை கேசட்டில் பதிந்தார். மற்ற பீட்டில்ஸ் கலைஞர்கள் 1995ல் அதை முழுமையாக்க முயன்று கைவிட்டனர். பதிவிலிருந்த மின்முனகலும் ஒரு காரணம். பின்னர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய இயந்திரக் கற்றல் முறை குரலைப் பியானோவிலிருந்து பிரித்தெடுத்தது. 2023 நவம்பரில் ‘நவ் அண்ட் தென்’ வெளிவந்தது.

அந்த வகைக் கருவிகள் இன்று வீட்டுக் கணினியிலேயே கிடைக்கின்றன. குயில், எதிரொலி போன்றவற்றில் பழைய முறைகளால் முடியாததை இவை ஓரளவு செய்கின்றன. ஆனால் சில செயலிகள் மங்கிய ஒலியைத் தெளிவாக்குவதோடு நிற்காமல், இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்துப் புது ஒலியை இட்டு நிரப்புகின்றன. விளம்பரத்துக்கு அது பரவாயில்லை. பாட்டி சொன்ன ஊர்ப் பெயர் வேறொன்றாக மாறினால் பதிவு செய்ததற்கே பொருளில்லை.

மூலப் பதிவு

1961 மே 25ஆம் தேதி புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீயை நினைவில் வைத்திருப்போர் இன்று எழுபதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களின் கதைகளும் அந்த வயதுக்காரர்களிடம்தான் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979ல் தொடங்கியது. ஆனால் எல்லா வீட்டுப் பெரியவர்களையும் அது பதிவு செய்ய முடியாது. மீதியைப் பேரப் பிள்ளைகள்தான் செய்கின்றனர். மறுபடியும் பேசச் சொல்ல முடியாத பதிவுகள் இவை.

இத்தகைய பதிவுகளுக்கு ஒலி ஆவணக் காப்பாளர்கள் பின்பற்றும் விதியே பொருந்தும்: மூலக் கோப்பில் எந்த வடிகட்டியும் படக்கூடாது. ஒலி ஆவணக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கம் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தைப் பரிந்துரைக்கிறது; வீட்டுக் கருவிகள் பலவற்றிலும் அந்த அமைப்பு உண்டு. எம்பி3யாகச் சுருக்காமல் வேவ் கோப்பாகச் சேமித்து, பேசியவர் பெயர், நாள், இடம் எழுதி, இரண்டு வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். சுத்தம் செய்வதெல்லாம் பிரதியில்தான். பின்னணியில் குக்கர் விசில் அடித்தால் உறவினர்களுக்கு அனுப்பும் பிரதியில் தாழ்த்திக்கொள்ளலாம். மூலத்தில் அந்த விசிலும் இருக்கட்டும்.